இருவகை இளைப்பு: எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சைச் சொல்லாடலும் பழவேற்காட்டு மூச்சும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உடற்பருமன் உடையோரின் மூச்சுத்திணறலை எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சை பெருமளவு தணிக்கிறது என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட முடிவு. இம்முடிவு தமிழில் எச்சொற்களால் சொல்லப்படுகிறது, அச்சொற்கள் எவற்றை மறைக்கின்றன, உடலுழைப்பை நம்பி வாழும் ஒரு மக்கள் திரளின் வாழ்விடத்திலிருந்து படிக்கும்போது அது எவ்வாறு பொருள்படுகிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘இளைப்பு’ என்னும் தமிழ்ச்சொல் மெலிவையும் மூச்சுவாங்கலையும் ஒருங்கே குறிப்பதைத் தொடக்கமாகக் கொண்டு, மருத்துவ வழிகாட்டு நெறிகள், மூச்சுத்திணறல் அளவுகோல்கள், வெகுசன உடல்நல எழுத்து ஆகியவற்றின் சொல்லாடல் பழவேற்காட்டு ஏரி மீனவ ஊர்களின் தொழிற்சூழலோடு வைத்துத் திறனாயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உடற்பருமன், இளைப்பு, மூச்சுத்திணறல், எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சை, பழவேற்காடு, மருத்துவச் சொல்லாடல், நெய்தல்.

முன்னுரை

தமிழ்நாட்டில் உடற்பருமன் நகர்ப்புற வசதி படைத்தோரின் சிக்கலாக மட்டும் இன்று இல்லை. 2019–21இல் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டியோ கடந்தோ உள்ளனர். முந்தைய ஆய்வில் இவ்வெண்கள் முறையே 30.9, 28.2 என இருந்தன. ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்வுயர்வு பெருநகர எல்லைக்குள் அடங்கியிருக்க இயலாது.

இவ்வுயர்வோடு எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சை பற்றிய எழுத்தும் பெருகியுள்ளது. நிதின் கட்கரி 2011இலும் அருண் ஜெட்லி 2014இலும் இச்சிகிச்சை செய்துகொண்ட செய்திகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் வெளிவந்தன. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் இளைஞர் ஒருவர் இச்சிகிச்சைக்காகச் சேர்ந்து உயிரிழந்ததும், அதனைத் தொடர்ந்து அரசு விசாரணை நடத்தியதும் தமிழ் நாளேடுகளில் பல நாள் பேசப்பட்டன. ஒருபுறம் வியப்பு, மறுபுறம் அச்சம் என்னும் இவ்விரு முனைகளுக்கு இடையிலேயே தமிழில் இப்பொருள் ஊசலாடுகிறது. இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போவது நோயாளியின் மூச்சு. எடை எவ்வளவு குறைந்தது என்று எழுதப்படும் அளவுக்கு, மூச்சு எவ்வாறு மாறியது என்று எழுதப்படுவதில்லை.

இவ்விடுபடலை ஆராயப் பழவேற்காடு இங்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் தென்முனையில் அமைந்தது இவ்வூர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் முதலிய குப்பங்கள் ஏரியையும் கடலையும் நம்பி வாழ்கின்றன. மூச்சே கருவியாகும் தொழில்கள் நடைபெறும் இடம் என்பதனாலேயே இக்களம் தேர்ந்துகொள்ளப்படுகிறது. இக்குப்பங்களின் நோய்நிலையைக் கணக்கிடுவது கட்டுரையின் நோக்கமன்று. இத்தொழிற்சூழலிலிருந்து ஒரு மருத்துவச் சொல்லாடலைப் படித்துப் பார்ப்பதே நோக்கம்.

1. ‘இளைப்பு’ என்னும் சொல்

‘இளைத்தல்’ என்னும் வினை தமிழில் மூன்று பொருட்பரப்புகளில் வழங்குகிறது. மெலிதல் ஒன்று, ‘பிள்ளை இளைத்துவிட்டான்’ என்பது பேச்சுவழக்கு. களைத்து மூச்சுவாங்குதல் மற்றொன்று. ‘இளைப்பாறுதல்’ என்னும் சொல் இப்பொருளிலிருந்து பிறந்தது. வடதமிழ்நாட்டில் ஆஸ்துமா முதலிய மூச்சு நோய்களை ‘இளைப்பு’ என்றே மக்கள் சொல்கின்றனர். தாழ்தல், வலிமை குன்றுதல் என்பது மூன்றாவது. ‘யாருக்கும் இளைத்தவரல்லர்’ என்னும் தொடரில் இப்பொருள் நிற்கிறது.

மெலிவு, மூச்சுவாங்கல், எளிமை ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் கூடியிருப்பது ஒரு வாழ்நிலையின் பதிவு. உணவு குறைந்து, உழைப்பு மிகுந்து, நோய் பற்றிய உடலில் மூன்றும் ஒருங்கே தோன்றின. காசநோய்க்கு ‘எலும்புருக்கி’ என்னும் பெயர் வழங்கியதும் இதே பட்டறிவால்தான். மெலிந்தவரே மூச்சு வாங்குவார் என்பது அக்காலத்து உண்மை.

இலக்கிய மரபும் இதற்கு அரண் செய்கிறது. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் தலைவனைப் பிரிந்த தலைவியின் துயரைத் தோள் மெலிதலும் வளை நெகிழ்தலும் பசலை படர்தலும் அறிவிக்கின்றன. திருக்குறள் உறுப்புநலன் அழிதலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. மெலிவு என்பது தமிழ்க் கவிதையில் இழப்பின் அடையாளமாகவே பெரிதும் பயின்றுள்ளது. நலத்தின் அடையாளமாக அது வருதல் அரிது.

இப்பின்னணியில் எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சை தரும் வாக்குறுதி ஒரு முரணாக ஒலிக்கிறது. ஓர் இளைப்பை உண்டாக்கி மற்றோர் இளைப்பைப் போக்குவதாக அது சொல்கிறது. இன்றைய தமிழ் உடல்நல எழுத்து இம்முரணை எதிர்கொள்வதில்லை. ‘மெலிதல்’, ‘எடை குறைத்தல்’ என்னும் சொற்களை ஒருபுறமும் ‘மூச்சுத்திணறல்’ என்னும் சொல்லை மறுபுறமும் தனித்தனியே நிறுத்தி, முன்னதை மருந்தாகவும் பின்னதை நோயாகவும் வகுத்துவிடுகிறது. சிகிச்சைக்குப்பின் விரைந்து மெலியும் ஒருவரை ஊரார் நோயாளி என்று எண்ணி இரங்குவதை இவ்வகுப்பு கணக்கில் கொள்வதில்லை. மெலிவை நோயாகவே கண்டு பழகிய சமூகத்தில் அவ்விரக்கமும் சிகிச்சையின் பின்விளைவுகளுள் ஒன்று.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்னும் பழமொழி இத்தகைய கட்டுரைகளில் தவறாமல் எடுத்தாளப்படுகிறது. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதற்குச் சான்றாக அது காட்டப்படும். இதே பழமொழி ‘விதைப்பான்’ என்னும் முடிபோடும் வழங்குகிறது. அங்கு இளைத்தவன் என்பது வசதி குறைந்தவனையும் கொழுத்தவன் என்பது வசதி மிக்கவனையும் குறிப்பதாகக் கொள்ள இடமுண்டு. பொருளாதார நிலை பற்றிய கூற்று உணவுக் குறிப்பாகச் சுருங்கும்போது பருமன் தனிமனிதரின் வாய்க்கட்டுப்பாட்டுச் சிக்கலாகிவிடுகிறது. மலிந்த எண்ணெய், மாவுப்பொருள் மிகுந்த உணவு, குறைந்துவரும் ஏரி மீன்வளம், மாறிய தொழில்முறை ஆகியவை அச்சுருக்கத்தில் மறைகின்றன. கொழுத்தல் வசதியின் விளைவு என்னும் பழைய சமன்பாடு இன்று பொருந்துவதில்லை. வசதியில் இளைத்தவரே உடலில் பருத்தவராக இருக்கக்கூடிய காலம் இது.

சொல்லொற்றுமை ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. அறுவை நிகழ்வது இரைப்பையில். போக்க முனைவது இரைப்பை, அதாவது மூச்சிரைப்பை. முன்னது உணவைக் குறிக்கும் ‘இரை’யிலிருந்தும் பின்னது ஒலித்தலைக் குறிக்கும் ‘இரை’யிலிருந்தும் வந்தவை, வேர்கள் வேறு. ஒலி ஒற்றுமையைக் கொண்டு முன்னோர் இத்தொடர்பை அறிந்திருந்தனர் என்று வாதிடுவது ஆய்வாகாது.

2. நகைச்சுவைப் பாத்திரமும் நோயின் பெயரும்

பருமனையும் மூச்சையும் இணைத்த மருத்துவச் சொல் வரலாற்றில் இலக்கியத்துக்கு நேரடிப் பங்குண்டு. 1836–37இல் தொடராக வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்னும் பருத்த சிறுவன் வருகிறான். நின்றபடியே உறங்குவான்; குறட்டை விடுவான்; உணவென்றால் மட்டும் விழிப்பான். 1956இல் பர்வெல் முதலிய அமெரிக்க மருத்துவர்கள், மிகுந்த பருமனோடு மூச்சோட்டம் குறைந்து, குருதியில் கரியமில வளி தேங்கி, பகலிலும் உறக்கத்தில் ஆழ்ந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, அந்நிலைக்குப் ‘பிக்விக் நோய்க்குறித்தொகுப்பு’ என்று பெயரிட்டனர். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டுகள் கையில் இருந்தும் உறங்கிப்போய் வாய்ப்பை இழந்ததே அந்நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வந்தது.

இப்பெயரீட்டில் இரண்டு செய்திகள் திறனாய்வுக்குரியன. முதலாவது, நாவலில் ஜோ ஒரு வேலைக்காரச் சிறுவன். மருத்துவக் கட்டுரையின் நோயாளி ஒரு நிறுவன உயர் அலுவலர். அலுவலரின் உறக்கம் நோயாக அறியப்பட்டது. வேலைக்காரனின் உறக்கம் நகைப்புக்குரிய சோம்பலாகவே நூறாண்டுக்கு மேல் வாசிக்கப்பட்டது. உழைப்பாளரின் மூச்சுக் குறைவு சோம்பலாகப் படிக்கப்படும் வழக்கம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ்த் திரைப்படங்களில் ‘குண்டு’ என்னும் அடைமொழியோடு வரும் பாத்திரம் ஓடி மூச்சுவாங்கும் காட்சி சிரிப்பூட்டுவதற்கென்றே அமைக்கப்படுகிறது.

இரண்டாவது, அப்பெயர் சிகிச்சைக்குரியோரைத் தேரும் நெறியிலும் புகுந்தது. 1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வெளியிட்ட கருத்தொருமிப்பு அறிக்கை, குறியீடு 40ஐத் தாண்டியோருக்கும், 35ஐத் தாண்டிக் கடும் இணைநோய் உடையோருக்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. அவ்விணைநோய்களுள் கடும் உறக்க மூச்சுத்தடையும் பிக்விக் நிலையும் இடம்பெற்றன. ஆனால் அன்றாட வேலையில் மூச்சு வாங்குதல் என்னும் அறிகுறி தனியே இடம்பெறவில்லை. பெயரிடப்பட்ட நோய் தகுதியாயிற்று; பெயரிடப்படாத துன்பம் தகுதியாகவில்லை.

2009இன் இந்தியக் கருத்தொருமிப்பு, தெற்காசிய உடலில் குறைந்த எடையிலேயே கொழுப்பின் தீங்கு தொடங்குவதைக் கருதி, பருமனின் எல்லையை 25 என்றும், அறுவைக்கான எல்லையை இணைநோய் உள்ளபோது 32.5, இல்லாதபோது 37.5 என்றும் வகுத்தது. 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் அமைப்புகள் இணைநோய் இல்லாவிடினும் 35 போதும் என்றும், ஆசியருக்கு 27.5 முதல் பரிசீலிக்கலாம் என்றும் திருத்தின. எண் தளர்ந்துகொண்டே வந்தபோதிலும் மூச்சு கேட்கப்படவில்லை. 2025 சனவரியில் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையே, உறுப்புகளின் இயக்கத்தைப் பாதிக்கும் பருமனை ‘நோய்நிலைப் பருமன்’ எனப் பிரித்து, நுரையீரல் மீதான பருமனின் விளைவால் எழும் மூச்சுத்திணறலை அதனை அறியும் அளவைகளுள் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்தது. நோயாளி முதலில் சொல்லும் குறை நெறிநூலில் வந்துசேர இத்துணைக் காலம் ஆயிற்று.

3. சான்றுகளின் வலிமையும் வரம்பும்

பருமனில் மூச்சு ஏன் வாங்குகிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. மார்புச்சுவரின் கொழுப்பு அதன் விரிவைத் தடுக்கிறது. இயல்பாக மூச்சை விட்டபின் நுரையீரலில் எஞ்சும் காற்றும், அதன்பின்னும் முயன்று வெளியேற்றக்கூடிய சேமக்காற்றும் குறைகின்றன. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், குறியீடு 30 உள்ளவரின் சேமக்காற்று, குறியீடு 20 உள்ளவருக்கு இருப்பதில் 47 விழுக்காடாகவே இருந்தது. அதாவது கடும் பருமனுக்கு வெகு முன்னரே இச்சேமிப்பில் பாதி கரைந்துவிடுகிறது. மூச்சுவிடும் செயலுக்கே ஆகும் ஆக்சிசன் செலவும் மிகுகிறது. 1999இல் வெளியான ஆய்வில், மிகு பருமனுடையோரின் மூச்சுவேலையைக் கருவி ஏற்றுக்கொண்டபோது உடலின் மொத்த ஆக்சிசன் நுகர்வு 16 விழுக்காடு குறைந்தது. இயல்பு எடையினரிடம் அது ஒரு விழுக்காடும் குறையவில்லை.

அறுவைக்குப்பின் இச்சுமை இறங்குவதற்கும் சான்று உண்டு. 1987இல் தொடங்கிய சுவீடன் பருமனாளர் ஆய்வின் ஒரு பகுதி 2000இல் வெளிவந்தது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதாக அறுவைக்கு முன் சொன்னோர் 87 விழுக்காட்டினர். ஈராண்டுக்குப்பின் 19 விழுக்காட்டினர். அறுவை செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் இது 69இலிருந்து 57 ஆகவே குறைந்தது.

இவ்வேறுபாடு பெரிது, புறக்கணிக்க இயலாதது. ஆயினும் விளம்பர எழுத்து சொல்லாமல் விடும் வரம்புகள் இதற்கு உண்டு. இவ்வாய்வில் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தொடக்கத்திலேயே இரு குழுக்களின் மூச்சுநிலை வேறாக இருந்தது. பெரும்பாலோருக்குச் செய்யப்பட்டது இன்று ஏறத்தாழக் கைவிடப்பட்ட இரைப்பைப் பட்டை முறை. இன்று பரவலாகச் செய்யப்படும், இரைப்பையின் முக்கால் பங்குக்குமேல் வெட்டி நீக்கும் முறை அன்று. மூச்சு அளக்கப்பட்டது நோயாளியின் சொல்லால். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுகோல் மாடிப்படி.

மற்றொரு முரணும் உண்டு. உறக்க மூச்சுத்தடையும் கரியமில வளித் தேக்கமும் உடையோருக்கே அறுவையால் மூச்சு நலம் மிகுதியாகக் கிட்டக்கூடும். மயக்க மருந்தின்போதும் அறுவையை அடுத்த நாள்களிலும் இடர் மிகுவதும் அவர்களுக்கே. அறுவைக்கு முன் உறக்கத்தையும் மூச்சையும் ஆராய்வது இதனாலேயே இன்றியமையாதது. மூச்சைப் பற்றிக் கேட்காத சிகிச்சைப் பேச்சு, பயனை மறைப்பதோடு இடரையும் சேர்த்தே மறைக்கிறது.

4. மாடிப்படி இல்லாத அளவுகோல்

மூச்சுத்திணறலை அளக்க உலகெங்கும் பயன்படும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் அளவுகோல் ஐந்து படிநிலைகளைக் கொண்டது. கடும் உழைப்பில் மட்டும் மூச்சு வாங்குதல் முதல் நிலை. சமதளத்தில் விரைந்து நடக்கும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ வாங்குதல் அடுத்தது. ஆடை மாற்றும்போதே வாங்கி வீட்டை விட்டு வெளியேற இயலாமை இறுதி. இதன் மூலம் வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் நுரையீரல் நோயாய்வோடு தொடர்புடையது. மேடு பள்ளமான நாட்டில், உழைப்பாளர் உடலை அளக்க உருவான கருவியில் மேடு இடம்பெற்றது இயல்பே.

பழவேற்காட்டில் மேடில்லை, குப்பங்களின் அன்றாட வேலையில் மாடிப்படிக்கும் பெரிதாக இடமில்லை. இவ்வினாக்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கேட்டால், ‘இல்லை’ என்னும் விடையே கிடைக்கும். அவ்விடை நலத்தைக் காட்டுவதாகாது. வினாவின் பொருத்தமின்மையையே காட்டும்.

அவ்வூர்களில் மூச்சு வாங்கும் இடங்கள் வேறு. ஏரிச் சேற்றில் கழி ஊன்றி வலை கட்டுதல், படகை மணலில் தள்ளுதல், நனைந்த வலையை இழுத்தல், மீன்கூடையைத் தலையில் ஏற்றி நடத்தல், குனிந்து மீன் அரிந்து உலர்த்துதல் ஆகியவை ஒவ்வொன்றும் மூச்சின் வெவ்வேறு சோதனை. குனியும்போது வயிறு உதரவிதானத்தை அழுத்துவதால், நடக்கையில் மூச்சு வாங்காத பருத்த உடலுக்கும் குனிகையில் வாங்கும்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் தொழில் இவற்றுள் தனியே கருதத்தக்கது. இருளர் பெண்களும் பிறரும் நீருக்குள் அமர்ந்தும் தவழ்ந்தும், நீர் மார்பளவு நிற்க, அடிச்சேற்றைத் துழாவி இறாலைப் பறியில் சேர்க்கின்றனர். நீர் உடலின் எடையைத் தாங்குவதால் முழங்காலுக்கு இது எளிது. ஆனால் மார்பளவு நீரின் அழுத்தம் வயிற்றையும் மார்பையும் நெருக்கி, மேலே சொன்ன சேமக்காற்றையே குறைக்கிறது. பருமன் பாதியாக்கிய சேமிப்பை நீர் மீண்டும் குறைக்கும்போது கரையில் தோன்றாத மூச்சுமுட்டல் நீரில் தோன்றலாம். மருத்துவமனை நாற்காலியில் அமர்த்தி எடுக்கும் மூச்சளவு இதனைக் காட்டாது. எத்தொழிலில், எந்நிலையில், எவ்வளவு நீரில் என்னும் வினாவே இதனை வெளிக்கொணரும்.

சுரங்கத்திலிருந்து ஓர் அளவுகோல் பிறந்ததெனில், ஏரியிலிருந்தும் ஒன்று பிறக்க இயலும். அதனை உருவாக்குவது மருத்துவத்துறைப் பணி மட்டுமன்று. தொழிற்சொற்களை அறிந்த தமிழாய்வின் பணியும் ஆகும்.

5. ஒரே சொல்லில் அடங்காத மூச்சு

மருத்துவத் தமிழ் ‘மூச்சுத்திணறல்’ என்னும் ஒற்றைச் சொல்லைக் கலைச்சொல்லாக நிறுவியுள்ளது. மூச்சின் இடர் ஒற்றை உணர்வன்று, தம்முள் வேறுபட்ட பல உணர்வுகளின் தொகுதி என்பதே இன்றைய மூச்சியல் கொள்கை. நோயாளி கையாளும் சொல்லே நோயின் வகைக்குக் குறிப்பாகலாம் என 1990 முதல் ஆய்வுகள் எடுத்துக்காட்டி வருகின்றன. பேச்சுத்தமிழ் இவ்வகையில் வளமானது.

‘மூச்சு வாங்குகிறது’ என்பது பெரும்பாலும் உழைப்பில் தோன்றி ஓய்வில் அடங்குவது. ‘இளைப்பு’, ‘இழுப்பு’ என்பன காற்றுக்குழாய் ஒடுங்கி ஒலியோடு வருபவை. ‘மூச்சு முட்டுகிறது’ என்பது படுக்கையில் அல்லது அடைபட்ட இடத்தில் காற்றுப் போதாமை. ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பது அழுத்தம். இதயத்தை உடனே எண்ணச் செய்வது. ‘தம் கட்ட முடியவில்லை’ என்பது நீரில் தொழில் செய்வோர் தம் திறன் குறைவதை உணர்ந்து சொல்வது. இவை நோய்களின் பெயர்களாகா. ஒன்றுக்கொன்று ஊடாடவும் செய்யும். ஆயினும் எதை முதலில் ஆராய வேண்டும் என்று காட்டும் வழிகாட்டிகள் ஆகும்.

இவ்வேறுபாடு புறக்கணிக்கப்படுவதன் விளைவு நடைமுறையில் உண்டு. 2002இல் வெளியான பெரிய அமெரிக்க மக்கள்தொகை ஆய்வொன்று, பருமனுடையோர் மூச்சுத்திணறலைக் கூடுதலாகச் சொல்வதையும் காற்றுக்குழாய் விரிப்பு மருந்துகளைக் கூடுதலாகப் பயன்படுத்துவதையும் கண்டது. ஆனால் காற்றுக்குழாய் அடைப்பு அவர்களிடம் கூடுதலாக இல்லை. பருமனின் மூச்சு ஆஸ்துமாவாகக் கொள்ளப்பட்டு மருந்து பெறுகிறது என்பது இதன் பொருள்.

எதிர்த்திசைப் பிழையும் நேர்கிறது. பருத்தவர் ஒருவர் மூச்சு வாங்குவதாகச் சொன்னால், ‘எடையைக் குறையுங்கள்’ என்னும் ஒரே விடையோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஐந்தாம் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். பருமனும் சோகையும் ஒரே உடலில் இருக்கக்கூடும். சோகையும் மூச்சு வாங்கச் செய்யும். விறகடுப்புப் புகை, புகையிலை, பழைய காசநோயின் தழும்பு, இதயத் தடுக்கிதழ் நோய் ஆகியவையும் அவ்வாறே. சோகையை அறியாமல் இரைப்பையைக் குறைத்தால், இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் உட்கொள்ளப்படுவது மேலும் குறைந்து, எடை இறங்கிய பின்னும் மூச்சு வாங்குவது தொடரலாம். முதல் இளைப்பு வந்தும் இரண்டாம் இளைப்பு போகாத நிலை அது.

6. உடனிருப்போர் என்னும் நான்காம் உறுப்பு

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். எடைகுறைப்பு அறுவை பற்றிய தமிழ் எழுத்து முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது. உண்மையில் இச்சிகிச்சையின் வெற்றி நான்காம் கூறில் தங்கியுள்ளது.

அறுவைக்குப்பின் உணவு வாரக்கணக்கில் நீர்மமாகவும் பின்னர் மென்மையாகவும் படிப்படியே மாற வேண்டும். ஒரே மூச்சில் ஒரு செம்பு நீர் குடிக்க இயலாது; சிறுசிறு மிடறாக நாள் முழுதும் குடிக்க வேண்டும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் தொழில் செய்வோருக்கு இது எளிய அறிவுரையன்று. புரதம் முதலில், சோறு பின்னர் என்பது உணவு ஒழுங்கு. மீன் கிட்டும் ஊரில் இது கைகூடும் எனத் தோன்றும். ஆயினும் நல்ல மீன் சந்தைக்கும் மலிந்த மீன் வீட்டுக்கும் போவது பிடிப்பவர் வீடுகளின் பொது இயல்பு. வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் வேண்டும். குருதி ஆய்வு ஆண்டுதோறும் வேண்டும். பளு தூக்குவதற்குச் சில வாரத் தடை வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ முறை நெடுங்காலமாக உள்ளது. பாடு என்னும் சொல்லே முறையையும் உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே குறிப்பது. முறை வரும் நாளில் வலை கட்டினால்தான் வருவாய் என்னும் நிலையில், வாரக்கணக்கான ஓய்வு என்பது மருத்துவ அறிவுரையாக மட்டும் நிற்பதில்லை. அது குடும்பத்தின் கணக்கு. இக்கணக்கைச் சேர்க்காமல் செலவைச் சொல்வது முழுச் செலவைச் சொல்வதாகாது.

2021 ஆகத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உயர் குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தை வீட்டுவாசலுக்குக் கொண்டுசெல்கிறது. நான்காம் கூறுக்கு அரசு கொடுத்த வடிவம் என்று இதனைக் கருத இடமுண்டு. அதே வாசலில் எடையோடு மூச்சையும் கேட்பதும், அறுவை செய்துகொண்டோரின் மாத்திரையையும் குருதி அளவையும் தொடர்வதும் இதன் இயல்பான வளர்ச்சியாக அமையும். 2025இல் எடைகுறைப்பு ஊசிமருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின் இத்தேவை மிகுந்துள்ளது. கத்தியோ ஊசியோ, பேணுபவரின்றி இரண்டும் பாதிச் சிகிச்சையே.

முடிவுரை

இத்திறனாய்வு வழி அறியப்படுவன வருமாறு. ‘இளைப்பு’ என்னும் சொல் மெலிவையும் மூச்சுவாங்கலையும் எளிமையையும் ஒருங்கே தாங்குகிறது. இக்காலத் தமிழ் மருத்துவ எழுத்து அவற்றைப் பிரித்து, மெலிவை மட்டும் இலக்காக்கிவிட்டது. சிகிச்சைத் தகுதி நெடுங்காலம் எண்ணாலும் பெயரிடப்பட்ட நோயாலும் வரையறுக்கப்பட்டது. நோயாளி உணரும் மூச்சு மிக அண்மையிலேயே அதில் இடம்பெற்றது. அறுவை மூச்சை எளிதாக்குகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அச்சான்று மாடிப்படியில் எடுக்கப்பட்டது, ஏரியில் எடுக்கப்பட்டதன்று. ஒற்றைக் கலைச்சொல் மறைக்கும் வேறுபாடுகளைப் பேச்சுத்தமிழ் காத்துவைத்துள்ளது.

எனவே இச்சிகிச்சை மீனவ மக்களுக்கு எட்டாத ஆடம்பரம் என ஒதுக்கப்படுவதும் தவறு. மெலிந்த உருவத்துக்கான குறுக்குவழி என விற்கப்படுவதும் தவறு. உழைக்கும் உடலுக்கு மூச்சே முதல். மார்பளவு நீரில் அமர்ந்து இறால் தடவும் பெண்ணிடம் அவருடைய எடை எத்தனை என்று கேட்பதற்கு முன், எப்போது மூச்சு முட்டுகிறது, கரையிலா நீரிலா, குனியும்போதா படுக்கும்போதா என்று அவருடைய சொல்லிலேயே கேட்கப்பட வேண்டும். அவ்வினாவுக்குரிய சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. அவற்றைத் தொகுத்து மருத்துவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது தமிழாய்வு செய்யக்கூடிய பணி.